தேனீ கொட்டி அப்பா மயங்கி விழுந்துட்டாரு, எந்த அலர்ஜி டெஸ்ட் எடுக்கிறது? ஏற்காடு

நாகலூர்_பையன்:

வணக்கம்ங்க. கொஞ்சம் நீளமா போகும், எது முக்கியம் எது இல்லன்னு எனக்குத் தெரியல, அதனால நடந்தத அப்படியே எழுதிடறேன்.

அப்பாவுக்கு 56 வயசு. ஏற்காட்டுல நாகலூர் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்துல வேலை. ரெண்டு வாரம் முன்னாடி மிளகு பறிக்க சில்வர் ஓக் மரத்துல ஏணி சாத்தி ஏறியிருக்காரு, மேல எங்கயோ தேனீ கூடு இருந்திருக்கு பாக்கல, கழுத்துல ஒண்ணு காதுக்குப் பின்னாடி ஒண்ணு கொட்டிருச்சு. ரெண்டே ரெண்டுதாங்க. எறங்கி வந்து நின்னு பீடி பத்த வெச்சிருக்காரு, பாதி பீடி முடியறதுக்குள்ள உள்ளங்கை உள்ளங்கால் எல்லாம் அரிக்குதுன்னு செருப்பக் கழட்டித் தரையில தேச்சாராம், அப்புறம் வயிறு நெஞ்சு முதுகுன்னு தடிப்பு தடிப்பா எழும்பி, உதடு வீங்கி, ரெண்டு தடவ வாந்தி. கூட இருந்தவங்க கொட்டுன எடத்துல சுண்ணாம்பு தடவி வரப்புல உக்கார வெச்சு தண்ணி குடுத்திருக்காங்க. ஜீப் வந்துருச்சுன்னு எந்திரிச்சவரு அப்படியே கண்ணு சொருகி விழுந்துட்டாரு.

பக்கத்துல ஒரு கிளினிக்ல அவிலும் டெக்கட்ரானும் போட்டு பாட்டில் ஏத்துனாங்க, பிபி 80க்கு கீழ இருக்குன்னு 108ல கீழ சேலத்துக்கு அனுப்பிட்டாங்க. இருபது கொண்டை ஊசி வளைவையும் அவரு தலையப் புடிச்சுக்கிட்டே எறங்குனேன், எந்த வளைவு எப்ப போச்சுன்னே தெரியாது. ஒரு ராத்திரி வெச்சிருந்து அஞ்சு நாள் மாத்திரை குடுத்து அனுப்பிட்டாங்க. சீட்டுல அலர்ஜின்னு மட்டும் எழுதியிருக்கு.

முப்பது வருஷமா தோட்டத்துல இருக்காரு, கொட்டாத தேனீ இல்ல. போன வருஷம் கையில கொட்டி முழங்கை வரைக்கும் வீங்கி மூணு நாள் இருந்துச்சு, அவ்வளவுதான். இப்ப மட்டும் ஏன் இப்படி? அம்மாயி இது காணாக்கடி, கண்ணுக்குத் தெரியாத எதோ கடிச்சிருக்கு, மந்திரிச்சு விடுங்கன்னு சொல்லுது. பக்கத்து வீட்டுல கத்திரிக்கா கருவாடு முட்டை நிறுத்துங்கறாங்க. டவுன்ல ஒரு லேப்ல 200 பொருளுக்கு ஒரே ரத்தத்துல அலர்ஜி பாக்குற பேக்கேஜ் எட்டாயிரத்துச் சொச்சம்னு சொன்னாங்க. எடுக்கலாமா? திரும்ப வேலைக்கு அனுப்பலாமா? பிபிக்கு ஒரு மாத்திரை நாலு வருஷமா சாப்பிடறாரு, வேற வியாதி ஒண்ணும் இல்ல.

அஞ்சுரோடு_வாசி:

அந்த பேக்கேஜ் மட்டும் எடுத்துராதீங்க தம்பி, நான் காசு குடுத்துப் பட்ட அனுபவம். எம் பொண்ணுக்கு அடிக்கடி தடிப்பு வருதுன்னு இதே மாதிரி ஒண்ணு எடுத்தோம், ரிப்போர்ட்டு வந்தா பால், கோதுமை, கடலை, தக்காளி, தேங்கான்னு ஒரு பக்கம் முழுக்க சிவப்பு கோடு. பயந்துபோயி அத்தனையும் நிறுத்திட்டோம், புள்ள மூணு மாசத்துல நாலு கிலோ எளச்சுப்போச்சு, தடிப்பு மட்டும் வந்துக்கிட்டேதான் இருந்துச்சு. அப்புறம் பாத்த டாக்டர் ரிப்போர்ட்ட கையில வாங்கக்கூட இல்லங்க, பொண்ணுகிட்ட ஒரே ஒரு கேள்வி, இதுக்கு முன்னாடி தேங்கா சட்னி சாப்டியா, சாப்ட்டு எதாச்சும் ஆச்சா? டெய்லி சாப்பிடுவேன் ஒண்ணும் ஆவாதுன்னா. அப்ப தேங்கா அலர்ஜி இல்ல, போய் சாப்பிடுன்னு சொல்லிட்டாரு. ரத்த டெஸ்ட்ல ஒரு பொருளுக்குக் கொஞ்சம் காட்டுனாலே அலர்ஜின்னு அர்த்தம் இல்லையாம், உடம்பு அந்தப் பொருள அடையாளம் வெச்சிருக்குன்னுதான் அர்த்தமாம். அன்னிக்கு வீட்டுக்கு வந்து மொத வேலையா இட்லிக்கு தேங்கா சட்னி அரச்சோம்.

உங்க அப்பாவுக்கு எது கொட்டுச்சுன்னு கண்ணு முன்னாடி தெரியும். அப்புறம் எதுக்குங்க 200 பொருளு, கத்திரிக்கா என்ன தப்பு பண்ணுச்சு.

வார்டு_அக்கா:

தம்பி, நான் முப்பது வருஷத்துக்கு மேல அரசு ஆஸ்பத்திரி வார்டுல ஸ்டாஃப் நர்ஸா இருந்து ரிட்டையர் ஆனவ. நீ எழுதினதப் படிச்சதும் எனக்கு டெஸ்டப் பத்தி கவலை வரல, வேற ரெண்டு விசயம் உறுத்துச்சு.

மொதல்ல ஊசி. நீ சொன்ன அத்தனையும், அதாவது தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி, பிபி எறங்குறது, எல்லாம் சேந்து வந்தா அது சாதா அலர்ஜி இல்ல, அனாஃபிலாக்ஸிஸ், உயிருக்கே ஆபத்தான அலர்ஜி. அதுக்கு மொத மருந்து அட்ரினலின். அவில் இல்ல, டெக்கட்ரான் இல்ல. அவில் என்ன பண்ணும்னா அரிப்ப அடக்கும், தடிப்ப அமுக்கும், விழுந்த பிபிய தூக்காது, மூச்சுக்குழாய் இறுகுனா பிரிக்காது. டெக்கட்ரான் ஸ்டீராய்டு, அது வேலை செய்ய மணிக்கணக்கு ஆவும், அதுக்குள்ள ஆளு நம்ம கையில இருக்கணுமில்ல. ஒரு மில்லி ஆம்பூல்ல ஒரு மில்லிகிராம் இருக்கும், பெரியவங்களுக்கு அதுல அரை மில்லி, தொடையோட வெளிப்பக்கம் நடுவுல சதையில நேரா குத்தணும், வேட்டி பேண்ட்டு மேலயே குத்தலாம், அவுக்க நேரம் பாக்கக்கூடாது. அஞ்சு நிமிசத்துல தேறலன்னா இன்னொண்ணு. போட்டதும் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், ஆளு பயந்துருவாரு, அது மருந்தோட வேலை, கொஞ்ச நேரத்துல அடங்கிரும். இந்த படபடப்புக்கு பயந்துக்கிட்டே நிறைய எடத்துல அவிலோட நிறுத்திக்கறாங்க, எனக்கு வார்டுல இருக்கும்போதே இதுல சண்டை உண்டு. அந்த கிளினிக்க நான் கொற சொல்லல, அவங்க கீழ அனுப்புனதே பெரிய விசயம்.

ரெண்டாவது, அவர எந்திரிக்க விட்டது. பிபி கொறயும்போது ரத்தம் கால்ல தேங்கிடும், உக்காந்தவர நிக்க வெச்சா இதயத்துக்குத் திரும்பி வர ரத்தம் இல்லாம போயிரும், நீ சொன்ன கண்ணு சொருகறது அதுதான். படுக்க வெச்சு கால மட்டும் தூக்கி மிளகு மூட்டை மேல வெச்சிருக்கணும், வாந்தி வந்தா ஒருக்களிச்சு படுக்கணும். மூச்சு வாங்குனா மட்டும் சாஞ்சு உக்காரலாம், அப்பக்கூட நிக்கவோ நடக்கவோ விடாதே, ஜீப்புக்கு தூக்கிட்டுத்தான் போவணும்.

ராத்திரி முழுக்க வெச்சிருந்தது சரிதான், சில பேருக்கு எல்லாம் சரியாப் போயி சில மணி நேரம் கழிச்சு மறுபடி கொட்டே இல்லாம திரும்ப வரும்.

அப்புறம், அந்த பிபி மாத்திரை பேரு என்ன? அட்டைய பாத்து சொல்லு.

நாகலூர்_பையன்:

அக்கா அட்டெனலால் 50ன்னு இருக்கு. ஏன்க்கா?

வார்டு_அக்கா:

நான் நெனச்சதுதான். அட்டெனலால், மெட்டோப்ரலால் மாதிரி மாத்திரை அட்ரினலின் போய் உக்கார வேண்டிய எடத்த அடைச்சுக்கிட்டு நிக்கும். ஊசி போட்டாலும் வேலை செய்யறது கொறயலாம். இன்னிக்கே நிறுத்திராதே, அது திடீர்னு நிறுத்துற மாத்திரை கெடையாது, மாத்திரை எழுதிக் குடுத்த டாக்டர்கிட்ட தேனீ விசயத்தச் சொல்லி வேற பிபி மாத்திரைக்கு மாத்த முடியுமான்னு கேளு. இத வெள்ளிக்கிழமைக்குள்ள பண்ணு.

காணாக்கடிக்கு மந்திரிக்கறது பத்தி அம்மாயிகிட்ட சண்டை போடாத. வேப்பெலை அடிச்சதும் தடிப்பு அடங்குதுன்னா, அந்தத் தடிப்பு எப்படியும் சில மணி நேரத்துல தானா மறையிற சமாசாரம்தான். மந்திரிக்கட்டும், ஆனா ஊசி போட்டுட்டு.

கத்துக்குட்டி_டாக்டர்:

நான் மெடிசின் பிஜி படிக்கறேன், ஸ்பெஷலிஸ்ட் இல்ல, ஆனா ஏன் இப்ப மட்டும்னு கேட்டீங்கல்ல, அது எனக்குப் பிடிச்ச கேள்வி.

1901ல மொனாக்கோ இளவரசரோட கப்பல்ல ஷார்ல் ரிஷே, பால் போர்த்தியேன்னு ரெண்டு பிரெஞ்சுக்காரங்க கடலுக்குப் போனாங்க, கடல் ஜந்துக்களோட விசத்த ஆராய. திரும்பி பாரிஸ் வந்து கடல் சாமந்தி விசத்த நாய்க்குக் கொஞ்சமா குடுத்தா அதுக்கு எதிர்ப்பு வரும்னு நெனச்சாங்க. மொத டோஸ் தாங்கின நாய்க்கு சில வாரம் கழிச்சு மறுபடி கொஞ்சமா குடுத்ததும் அரை மணி நேரத்துக்குள்ள செத்துப்போச்சு. பாதுகாப்பு வரும்னு பாத்தா நேரெதிர், அதனாலதான் பாதுகாப்புக்கு எதிரானதுங்கற அர்த்தத்துல அனாஃபிலாக்ஸிஸ்னு பேரு வெச்சாங்க. 1913ல ரிஷேவுக்கு நோபல் கெடச்சுது.

உங்க அப்பா உடம்புலயும் அதேதான் நடந்திருக்கு. முன்னாடி எப்பவோ கொட்டுன ஒரு கொட்டுல உடம்பு தேனீ விசத்துக்குன்னே ஐஜிஇ அப்படிங்கற எதிர்ப்புப் புரதத்த செஞ்சிருச்சு. அது ரத்தத்துல ரெண்டு மூணு நாள்தான் நிக்கும், ஆனா தோல், குடல், மூச்சுக்குழாய் பக்கம் இருக்கற மாஸ்ட் செல் மேல போய் ஒட்டிக்கிட்டா வாரக்கணக்குல அங்கயே காத்துக்கிட்டு இருக்கும். அடுத்த கொட்டுல விசம் வந்து பக்கத்து பக்கத்துல இருக்கற ரெண்டு ஐஜிஇய சேத்துப் புடிச்சா அந்த செல் உள்ள வெச்சிருக்கற ஹிஸ்டமின்ங்கற ரசாயன மூட்டைய மொத்தமா அவுத்துக் கொட்டிரும். அதனாலதான் பாதி பீடிக்குள்ள எல்லாம் நடந்துச்சு. ரத்தக்குழாய் விரிஞ்சு தண்ணி வெளிய கசியும், அது தோல்ல தடிப்பு, உதட்டுல வீக்கம், பிபி எறக்கம். குடல் இறுகுனா வாந்தி. எல்லாம் அந்த மூட்டையிலேந்து கொட்டுனது பண்ற வேலை, எடம்தான் வேற வேற. முப்பது வருஷம் தாங்கிட்டாருங்கறது ஒண்ணும் கேரண்டி இல்ல, எந்தக் கொட்டுல உடம்பு கட்சி மாறும்னு சொல்ல முடியாது. வேடிக்கை என்னன்னா வருஷம் பூரா நூத்துக்கணக்குல கொட்டு வாங்குற தேன்பெட்டிக்காரங்களுக்கு இது கம்மியா வருது, எப்பவாச்சும் ஒண்ணு ரெண்டு வாங்குறவங்களுக்குத்தான் ரிஸ்க் ஜாஸ்தி.

டெஸ்டுக்கு வருவோம். பாதி டயக்னோசிஸ் நீங்க மேல எழுதின அந்த ரெண்டாவது பத்திதான். எது கொட்டுச்சு, எத்தன நிமிசத்துல என்ன வந்துச்சு, எந்த வரிசையில வந்துச்சு, இத அப்படியே பேப்பர்ல எழுதி எடுத்துட்டுப் போங்க, கொடுக்கு தோல்ல இருந்துச்சான்னும் கேட்டு எழுதுங்க, தேனீன்னா கொடுக்க விட்டுட்டுப் போகும், குளவி விடாது, விசம் வேற வேற. அப்புறம் டாக்டர் அத உறுதிப்படுத்த தேனீ விசத்துக்கு மட்டும் ஐஜிஇ ரத்த டெஸ்ட் எழுதுவாரு, இல்ல தோல் டெஸ்ட். ஆனா இப்பவே ஓடாதீங்க. இவ்வளவு பெரிய ரியாக்‌ஷன் முடிஞ்ச கையோட மாஸ்ட் செல் எல்லாம் காலியா இருக்கும், அப்ப பாத்தா ஒண்ணுமில்லன்னு தப்பா வரலாம், நாலுலேந்து ஆறு வாரம் கழிச்சுப் போறது நல்லது.

தோல் டெஸ்டுன்னா முன்னங்கையில பேனாவால புள்ளி வெச்சு, பாக்க வேண்டிய பொருள சொட்டு சொட்டா விட்டு, ஒவ்வொரு சொட்டு மேலயும் சின்னதா ஒரு குத்து. ஒரு பக்கம் வெறும் உப்புத்தண்ணி, அது தடிக்கக்கூடாது, ஒரு பக்கம் ஹிஸ்டமின், அது கண்டிப்பா தடிக்கணும், தடிக்கலன்னா அவரு செட்ரிசின் மாதிரி மாத்திரை எதோ சாப்ட்டு வந்திருக்காருன்னு அர்த்தம். அதனால அந்த மாத்திரைகள ஒரு வாரம் முன்னாடியே நிறுத்தச் சொல்லுவாங்க. கால் மணி நேரத்துல ஸ்கேல் வெச்சு அளப்பாங்க, உப்புத்தண்ணிய விட மூணு மில்லிமீட்டர் ஜாஸ்தி எழும்புனா பாசிட்டிவ். விசத்துக்கு பண்ணும்போது ஆஸ்பத்திரிலதான் பண்ணணும், பக்கத்துலயே அட்ரினலின் இருக்கணும்.

ட்ரிப்டேஸ்னு ஒரு ரத்த டெஸ்ட் இருக்கு, மாஸ்ட் செல்லிலேந்து வெளிய வர்ற ஒரு பொருள அளக்கறது, அத ரியாக்‌ஷன் நடந்து ஒண்ணு ரெண்டு மணி நேரத்துல எடுத்திருந்தா நல்லா தெரியும், அந்த நேரம் போச்சு. இப்ப எடுத்தா அவரோட சாதாரண அளவு எவ்வளவுன்னு தெரியும், அது ரொம்ப ஜாஸ்தி இருந்தா மாஸ்ட் செல்லே அளவுக்கு மேல இருக்கற வேற ஒரு வியாதி இருக்கான்னு பாப்பாங்க. இதயும் கேளுங்க.

கொலுசுப்பட்டறை:

நடுவுல பூர்றதுக்கு மன்னிக்கணும், நான் செவ்வாப்பேட்டை பக்கம் வெள்ளிக் கொலுசு தொழில். வீட்டுக்காரிக்கு கவரிங் தோடு போட்டா ரெண்டு நாள் கழிச்சு காதுல நீர் கோத்து புண்ணாவுது, வெள்ளி போட்டா ஒண்ணும் இல்ல. அவளுக்கும் இந்த குத்துற டெஸ்ட்தானா, ஊசி கையில வெச்சிக்கணுமா?

கத்துக்குட்டி_டாக்டர்:

இல்லண்ணே, அது வேற கேஸ், பயப்படாதீங்க. கவரிங்ல இருக்கற நிக்கலா இருக்கும் பெரும்பாலும். அதுல ஐஜிஇ வேலையே இல்ல, டி செல்னு வேற ஒரு கூட்டம், அவங்க மெதுவா வந்து சேர ஒரு நாள் ரெண்டு நாள் ஆகும், அதனாலதான் நிமிசத்துல இல்லாம ரெண்டு நாள் கழிச்சு புண்ணாகுது. இதுல உயிருக்கு ஆபத்து கெடையாது. இதுக்கு பேட்ச் டெஸ்ட், முதுகுல சின்னச் சின்னக் கிண்ணம் மாதிரி ஒட்டி ரெண்டு நாள் குளிக்காம வெச்சிருந்து பிரிச்சுப் பாத்து, மறுபடி ஓரிரு நாள் கழிச்சு ஒரு தடவ பாப்பாங்க. வெயில் காலத்துல சேலத்துல ரெண்டு நாள் முதுகு நனையாம இருக்கறது கொஞ்சம் கஷ்டம்தான், மார்கழில வெச்சுக்கச் சொல்லுங்க. மாங்கா பறிக்கறவங்களுக்கு பால் பட்டு வாய் ஓரம் கன்னம் எல்லாம் வெந்த மாதிரி ஆகுதுல்ல, அதுவும் பெரும்பாலும் இந்த ரகம்தான்.

எஸ்டேட்_மேஸ்திரி:

நாகலூர் தம்பிக்கு. நான் பக்கத்து பக்கம்தான், மேஸ்திரியா இருக்கேன், டாக்டர் விசயம் தெரியாது, காட்டு விசயம் சொல்றேன். தேனீ கொட்டுன எடத்துல மோந்து பாருங்க, வாழப்பழ வாசம் அடிக்கும். அது மத்த தேனீய கூப்பிடற வாசம், அதனால மொத கொட்டு விழுந்ததும் அந்த எடத்த விட்டு ஓடணும், நின்னு தட்டிக்கிட்டு இருந்தா கூட்டமே வரும். கொடுக்க நகத்தாலயோ கத்தி முதுகாலயோ எதாலயாச்சும் உடனே எடுக்கணும், எப்படி எடுக்கறதுன்னு யோசிச்சுக்கிட்டு இருந்தா அந்தப் பை உள்ள விசத்த எறக்கிக்கிட்டே இருக்கும். நாங்க மரம் ஏறுறதுக்கு முன்னாடி கீழ நின்னு ரெண்டு நிமிசம் அண்ணாந்து பாக்கச் சொல்லுவோம், மலைத்தேனீ கூடு பெரிய முறம் மாதிரி ஒத்தையா தொங்கும், இருந்தா அந்த மரத்த விட்டுட்டு ஃபயர் சர்வீஸுக்குச் சொல்லிருவோம். உங்கப்பாவ மரம் ஏத்தாதீங்க. பூமழை பெஞ்சு காப்பி பூக்குற நாலஞ்சு நாள் செடிக்குள்ளயும் விடாதீங்க, அப்ப ஒவ்வொரு கெளையிலயும் தேனீதான். களத்துல காப்பி காய வைக்கற வேலை, குடோன் வேலை கேட்டு வாங்குங்க, முதலாளிகிட்ட ஆஸ்பத்திரி சீட்ட காட்டுனா குடுப்பாங்க.

ஒண்ணு கேக்கணும், இதே மாதிரி போன தடவ எங்காளு ஒருத்தர் மேல கூட்டமே விழுந்து நூத்துக்கு மேல கொட்டி கிட்னி போயிருச்சு. அதுவும் அலர்ஜியா?

வார்டு_அக்கா:

அது அலர்ஜி இல்லங்க, அது நெஜ விசம். அவ்வளவு கொட்டுனா யாருக்கா இருந்தாலும் சதை கரைஞ்சு கிட்னிய அடைக்கும், அலர்ஜி இருக்கணும்னு இல்ல. அவங்கள ஒண்ணு ரெண்டு நாள்ல நல்லாருக்காருன்னு வீட்டுக்கு அனுப்பக்கூடாது, மூத்திரம் எவ்வளவு போகுது, கருப்பா போகுதான்னு பாத்துக்கிட்டே இருக்கணும். ரெண்டு கொட்டுல விழறதுதான் அலர்ஜி.

நாகலூர்_பையன்:

ஒன்றரை மாசம் கழிச்சு வரேன், எல்லாருக்கும் நன்றிங்க. எழுதின பேப்பரோட போனோம், டாக்டர் அதத்தான் மொதல்ல படிச்சாரு. தேனீ விச ஐஜிஇ நல்லா ஏறியிருக்கு, குளவிக்கு இல்ல. ட்ரிப்டேஸ் சாதாரணம். அட்டெனலால நிறுத்தி வேற மாத்திரைக்கு படிப்படியா மாத்திட்டாங்க. தேனீ விசத்தையே துளித்துளியா ஏத்தி உடம்பப் பழக்கற ஊசி இருக்காம், மூணுலேந்து அஞ்சு வருஷம் போடணுமாம், அது எங்க கெடைக்கும்னு விசாரிச்சுட்டு சொல்றேன்னு சொல்லியிருக்காரு. அதுவரைக்கும் அட்ரினலின் ஆம்பூல் ரெண்டு, சிரிஞ்சு ரெண்டு எழுதிக் குடுத்து எனக்கும் தம்பிக்கும் சொல்லிக் குடுத்தாரு. பேனா மாதிரி தானா குத்துற ஊசி இங்க மெடிக்கல்ல எங்க கேட்டும் இல்லன்னுட்டாங்க. டிஸ்டில்ட் வாட்டர் ஆம்பூல் வாங்கி ஒடச்சு அரை மில்லி இழுத்துப் பழகுனோம், மொத நாள் நானே வெரல வெட்டிக்கிட்டேன், இப்ப நாப்பது செகண்டுல முடிச்சிடறேன். அப்பா களத்துல காப்பி கிண்டிக்கிட்டு இருக்காரு, பொம்பளைங்க வேலைன்னு மொணகல் மட்டும் ஓயல.

ஒரே சந்தேகம், அந்த ஆம்பூல தோட்டத்து ஆபீஸ் ஃபிரிட்ஜ்ல வெக்கலாமாக்கா?

வார்டு_அக்கா:

ஃபிரிட்ஜ் வேணாம், ஆபீஸும் வேணாம். பூட்டுன ஆபீஸ்ல இருக்கற ஊசி யாருக்கு ஆவும், அப்பா இருக்கற எடத்துல இருக்கணும். 25 டிகிரிக்குள்ள, வெளிச்சம் படாம இருந்தா போதும், உங்க ஊரு குளுருக்கு டப்பாவுல போட்டு டிபன் பையிலயே வெக்கலாம். சேலத்துக்கு எறங்கும்போது மட்டும் பைக் பெட்டியில வெச்சுராதே, சித்திரை வெயில்ல வெந்துரும். மாசம் ஒருக்கா எடுத்துப் பாரு, தண்ணி மாதிரி இருக்கணும், பழுப்பு தட்டியிருந்தா தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்கு. தேதியும் பாரு.